அதற்குத் தமிழில் என்ன

மதிய இடைவேளைக்கு நீதிபதி எழுந்து உள்ளே போனபோது பரிமளாவின் மடியில் பதினொரு பக்கங்கள் இருந்தன. ஏழாம் பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தது. மசோகிஸ்ட். ஆங்கிலத்தில் அதைப் பார்த்ததும் அடிவயிறு சில்லிட்டுவிட்டது, பசியாகக்கூட இருக்கலாம், காலையில் இரண்டு இட்லியோடு ஓடி வந்தவள், பசியும் பயமும் வயிற்றில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன போலும். இரண்டே கால் மணிக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். அவள் எழுந்து நின்று இந்தப் பதினொரு பக்கத்தையும் மோகனப்பிரியா என்ற அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். நீதிபதி அப்படித்தான் சொல்லியிருந்தார், அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று அவர் காதால் கேட்கட்டும், அப்புறம் குறுக்கு விசாரணை. பதினாறு வருடமாகக் குடும்பநல நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் பரிமளாவுக்கு இது ஒரு வேலையே இல்லை. எத்தனையோ பேரின் கொடுமைகளை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள், ஒரு துளி மேலே தெறிக்காமல். இன்றைக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? மோகனப்பிரியாவின் புருஷன் யுவராஜ், தாயிடம் இருக்கும் ஆறு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். அதற்காகப் பெங்களூரில் ஒரு மனநல நிபுணரிடம் இந்த அறிக்கையை வாங்கி வந்திருந்தான். நிபுணர் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. வழக்குக் காகிதங்களைப் படித்துவிட்டு எழுதியிருந்தார்: இவள் துன்பத்தை நாடுகிறவள், மசோகிஸ்ட், ஒரு பெண் குழந்தை இவளிடம் வளர்வது நல்லதல்ல.

மசோகிஸ்ட் என்றால் என்னவென்று பரிமளாவுக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் இப்போது யாருக்குத்தான் தெரியாது, தெரியாமலே எல்லோரும் சொல்கிறார்கள். தங்கை விமலாவின் மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் சனி ஞாயிறும் வேலை பார்க்கிறான், ஏண்டா இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால் நான் ஒரு மசோகிஸ்ட் பெரியம்மா என்று போனில் சிரிக்கிறான். இங்கே அலுவலக அறையில் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் புவனா பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவாள், கண்ணில் நீர் வழியும், மூக்கை உறிஞ்சுவாள், அடுத்த மிளகாய்க்குக் கை போகும். அவளையும் ஒரு வக்கீல் அப்படித்தான் கேலி செய்தார். பல்வலி வந்தால் நாக்கு அந்தப் பல்லையே போய்ப் போய்த் தொடுகிறது, ஆறிவரும் புண்ணின் பொருக்கை நகம் தேடுகிறது, அதெல்லாமும் அதில் சேர்த்தியா? சிரித்துக்கொண்டு சொல்லும்போது அது மிளகாய் அளவு வார்த்தை. ஆனால் விமலா ஒரு தடவை சிரிக்காமல் சொன்னாள். பரிமளாவின் கணவர் சிதம்பரநாதன் இறந்து நாற்பதாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள், நீ ஒரு மசோகிஸ்ட்க்கா, இல்லாட்டி இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன்கூட இருந்திருக்க மாட்டே. பரிமளா துடைத்த பாத்திரங்களை அடுக்கினாள். அன்றைக்கு அகராதியை எடுத்துப் பார்த்தாள். அது யாரோ ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்த சொல்லாம். ஒரு மனிதரின் பெயர் இப்படி ஆகிவிட முடியுமா, செத்த பிறகும் பேரைச் சொல்லிச் சொல்லி உலகமெல்லாம்? அப்படியானால் சிதம்பரநாதன் என்ற பெயரும் ஒரு சொல்லாகலாம், ஒரே வீட்டில் ஒருத்தி இருக்கும்போதே நாற்பத்தொரு நாள் அவளிடம் பேசாமல் இருப்பதற்கு. ஆகாது. அதற்கெல்லாம் யாரும் அகராதியில் இடம் தர மாட்டார்கள்.

தமிழில் என்ன சொல்வது? அதை முதலில் பார்ப்போம், அதுதானே வேலை, மற்றதெல்லாம் வேலை இல்லை. தன்வதை விரும்பி. அவள் வைத்திருந்த ஆட்சிச்சொல் அகராதியில் இல்லை, வேறொன்றில் இருந்தது. தன்வதை என்றால் தன்னைத் தானே வதைத்துக்கொள்வது. மோகனப்பிரியாவின் இடது முழங்கைக்கு மேல் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்திருக்கிறது, முக்கோணமாக, கப்பல் படம் மாதிரி. அதை அவளா வைத்துக்கொண்டாள்? சரி, துன்ப விரும்பி. விரும்பி. விரும்பி என்று சொல்லும்போதே உதடு குவிந்து ஏதோ இனிப்பைக் கேட்பதுபோல் ஆகிறது. அந்தப் பெண்ணைப் பார்த்து, முகத்துக்கு நேராக, நீ விரும்பி என்று சொல்ல வேண்டும். வலியில் இன்பம் காண்பவர் என்று விரித்துச் சொல்லலாம், மரியாதையாக இருக்கும், ஆனால் இன்பம் என்ற சொல் அந்த அறையில் விழுந்தால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் காதைத் தூக்குவார்கள். யுவராஜ் சிரிப்பான். காலையில் அந்த வார்த்தையை அவன் வக்கீல் சொன்னபோதே சிரித்தான், பல் தெரியாமல், ஷூவைப் பார்த்துக்கொண்டு. உண்மையில் அப்படி இருப்பவர்களும் இருக்கிறார்கள் என்று படித்திருக்கிறாள். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு, இது வரைக்கும், இதற்கு மேல் வேண்டாம் என்று. அவர்கள் போதும் என்றால் நின்றுவிடுமாம். அது அவர்கள் பாடு, யாருக்கும் கெடுதல் இல்லை. போதும் என்று சொன்னால் நிற்கிற வீட்டில் இருப்பவர்களைச் சொல்லும் சொல்லைக் கொண்டுவந்து, போதும் என்று சொல்லியும் இஸ்திரிப் பெட்டியால் சூடு வாங்கினவளுக்கு எப்படிப் போடுவது? ஆனால் அதைக் கேட்க நீ யார், பரிமளா? நீ மொழிபெயர்ப்பாளர். எழுதியிருப்பதைச் சொல். ஏழாம் பக்கத்தை இன்னொரு முறை படி. படிக்காமல் எட்டாம் பக்கத்தையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

ஏழாம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு மேலே இரண்டு வாக்கியங்கள் மேற்கோளில் இருந்தன, மோகனப்பிரியாவின் வாக்குமூலத்திலிருந்து என்று. அடி வாங்கிய இரவுகளில் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சில சமயம் நானே அவரைத் தூண்டிவிட்டிருக்கிறேன். இந்த இரண்டு வாக்கியத்தின் மேல்தான் நிபுணர் தன் கட்டடம் முழுவதையும் எழுப்பியிருந்தார். அந்த இங்கிலீஷ், அந்தச் சொற்களின் வரிசை, அரைப்புள்ளி வைக்கும் வழக்கம், பரிமளா காலையிலேயே அடையாளம் கண்டுவிட்டாள், கூட்டத்தில் தன் புடவையைத் தானே பார்ப்பதுபோல். மார்ச் மாதத்தில் அவள் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தது. மூலத்துக்கு இணங்க உண்மையானது என்று கீழே எழுதியிருந்தாள், எப்போதும் எழுதுவதுதான். அந்தத் தமிழ் மூலத்தின் நகல் இதோ இந்தப் பீரோவில், மேல்தட்டில், பச்சை நாடா போட்ட காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. எழுந்து நான்கு அடி வைத்தால் போதும். எழுந்திருக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள். அன்றைக்கு என்ன நடந்தது? மத்தியானம், இதே மேஜை, மின்விசிறி நின்று போயிருந்தது, காகிதம் முழங்கையில் ஒட்டியது. அந்தப் பெண் சொன்னதைப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து எழுதினாள். அவ்வளவுதான் ஞாபகம். அந்த வரி என்னவென்று ஞாபகம் இல்லை என்று இத்தனை நேரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆனால் ஞாபகம் இல்லாத வரியைப் பற்றி உள்ளங்கை ஏன் வேர்க்க வேண்டும்? ஞாபகம் இல்லாதது ஒன்றும் பீரோவுக்குள் இருந்துகொண்டு முதுகைப் பார்க்காது.

சிதம்பரநாதன் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதைச் சொல்லித்தான் பரிமளாவின் அம்மா சமாதானம் செய்வாள், குடிக்கிறாரா, அடிக்கிறாரா, ஊர்மேய்கிறாரா. பேச மாட்டார், அவ்வளவுதான். எதற்கு என்று தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு ஒன்பது நாள், விமலா வந்திருந்தபோது சத்தமாகச் சிரித்ததற்குப் பதினேழு நாள். சாப்பிடுவார், ஆபீஸ் போவார், டிவி பார்ப்பார், அவள் குறுக்கே போனால் தூணைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவளுக்கு அவள் குரலே வீட்டுக்குள் அந்நியமாகிவிடும், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தன் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பேசுகிற நாட்களைத்தான் தாங்க முடியாது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், மல்லிகைப்பூகூட வாங்கி வருவார், ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும், இவளுக்குக் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டே போகும், வரப்போகிறது, எதற்கு வரும், இந்தக் காபிக்கா, இந்தச் சிரிப்புக்கா, கேட்டில் ஸ்கூட்டர் நிற்கிற விதத்திலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வாரம் ஒன்றுமே நடக்காமல் போன பிறகு, அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே உப்புப் போட்டாயிற்று என்று அவளுக்குத் தெரியும். கை இன்னொரு தடவை ஜாடிக்குள் போனது. கை நிறைய. அவர் ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார், எழுந்தார். தொடங்கிவிட்டது. அன்று ராத்திரி பரிமளா அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள், மூன்று வாரமாக வராத தூக்கம். காலையில் எழுந்தபோது தான் தூங்கியது நினைவுக்கு வந்து பயந்தாள். இதென்ன சாதி மனுஷி நான்? கேட்டு வாங்கிக்கொண்டு தூங்குகிறவள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, விமலாவிடம்கூட, விமலாவிடம்தான் சொல்லவே கூடாது, அவள் கையில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். அவர் போய் ஆறு வருடமாகிறது. இப்போதும் சாயங்காலம் தெருவில் ஸ்கூட்டர் வேகம் குறைந்தால் பரிமளா டிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள்.

கை கழுவப் போனாள், சாப்பிடாத கையை. வராந்தாக் கோடியில் வரிசையாக மூன்று குழாய், ஒன்றில்தான் தண்ணீர் வரும். அங்கே மோகனப்பிரியா நின்றுகொண்டிருந்தாள், குழாயை மூடி முடித்தும் அதன் மேலிருந்து கையை எடுக்காமல். மஞ்சள் சுடிதார், துப்பட்டாவை இழுத்து இடது முழங்கையை மூடியிருந்தாள். இருபத்தொன்பது வயது என்று காகிதத்தில் இருந்தது, பக்கத்தில் பார்த்தால் குறைவாகத் தெரிந்தது, கண்ணை மட்டும் பார்த்தால் கூடுதலாக. பரிமளா திரும்பிவிடத்தான் நினைத்தாள். வழக்கில் இருப்பவர்களிடம் தனியாகப் பேசக்கூடாது, யாராவது பார்த்தால் புகார் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த விதியைத் தாலி மாதிரிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பெண் வழி விட்டு ஒதுங்கிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க்கா, காத்தால அவங்க வக்கீலு சொன்னாருங்களே ஒரு வார்த்தை. அது என்னங்க? அதச் சொன்னப்ப அவரு சிரிச்சாரு. அவரு சிரிச்சா எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருதுங்க."

"ரெண்டே காலுக்குச் சொல்லுவேன்மா. இப்ப நான் பேசக்கூடாது."

"பாப்பாவ எங்கிட்ட விட மாட்டாங்கன்னு அர்த்தமுங்களா?"

பரிமளா குழாயைத் திறந்தாள். தண்ணீர் சத்தத்தில் பதில் சொல்லாமல் இருப்பது எளிதாக இருந்தது. அவள் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்தப் பெண் தலையை ஆட்டினாள், சரிங்க, சரிங்க என்று, யாரோ பஸ் போய்விட்டது என்று சொன்னதுபோல். பிறகு அவள் தோள் சட்டென்று உயர்ந்து காதோடு ஒட்டியது. பரிமளாவுக்கு முதலில் புரியவில்லை, அப்புறம்தான் கேட்டது, வராந்தாவின் அந்தக் கோடியில் ஷூ சத்தம், அவசரமில்லாமல், குதிகால் முதலில். யுவராஜ் போனில் பேசிக்கொண்டே வந்து, பாதியில் நின்று, அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவ்வளவுதான் நடந்தது. மோகனப்பிரியாவின் தோள் இறங்க வெகுநேரம் ஆயிற்று. பரிமளா தன் தோளைக் குழாய்க்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தாள். அதுவும் இறங்கியிருக்கவில்லை. எவனோ ஒருவனின் ஷூவுக்கு என் தோள் ஏன் ஏற வேண்டும், எனக்கு அவன் யார்? ஆனால் தோளுக்கு ஆள் அடையாளம் தெரியாது போலிருக்கிறது, அதற்குச் சத்தம் போதும். இதையா விரும்பி என்கிறார்கள்? விரும்புகிறவளின் தோள் இப்படியா ஏறும்?

பீரோவைத் திறந்தாள். பச்சை நாடா அவிழ வரவில்லை, பல்லால் இழுத்தாள். பதினான்காம் தாள். டைப்பிஸ்ட் அந்தப் பெண் பேசியதைப் பேசியபடியே அடித்திருந்தாள், நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார். எப்ப விழுகும் எப்ப விழுகும்னு நாள் பூராம் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கறதுதான் என்னால முடியலீங்க, அதுக்கு விழுந்துட்டாத் தேவலைன்னு இருக்கும், அடி வாங்குன அன்னைக்கு நிம்மதியாத் தூங்கிருவேன், இனி ரெண்டு நாளைக்கு வராதுன்னு. சீக்கிரம் முடிஞ்சு தொலையட்டும்னு சில சமயம் நானே வாயக் குடுத்து இழுத்துவிட்டிருக்கேனுங்க. இவ்வளவும் இருந்தது. இவ்வளவிலும் பரிமளாவின் இங்கிலீஷில் இருந்தது நடுத்துண்டும் கடைசித் துண்டும்தான். ஏன்? சொன்னதையே சொல்கிறாள், சுருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பொய். சுருக்கம் எல்லாம் அவள் பழக்கமே இல்லை, சாட்சி இருமினால் இருமினார் என்று எழுதுகிறவள். இப்போது ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததா, எப்போதும் இருந்ததா, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்த வரியை ஆங்கிலத்தில் எழுத முடியாமல் பேனா நின்றது. எழுதினால் அது தன் கையெழுத்தில் இருக்கும், தானே சொன்னதுபோல் இருக்கும், கீழே உண்மையானது என்று முத்திரை வைக்க வேண்டும். பயமாக இருந்தது. தாண்டிவிட்டாள். யாரும் கவனிக்கப் போவதில்லை என்று நினைத்தாள், அதுபோலவே யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக வாதாடும் இலவச சட்ட உதவி வக்கீலுக்கு அறுபது வழக்கு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு நேரம் ஏது. இனியும் யாரும் பார்க்கப் போவதில்லை. அறிக்கையை இருக்கிறபடி வாசித்துவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. ஒரு பிள்ளை கை மாறும், தினம் எத்தனையோ பிள்ளைகள் கை மாறுகின்றன. சொன்னால்? தவறான மொழிபெயர்ப்புக்குச் சான்று கொடுத்தவள் என்று மெமோ வரும், விசாரணை வரும், ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம், புவனா தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு அவளையே பார்ப்பாள். எல்லாவற்றையும்விட, ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது? உப்பு ஜாடியைப் பற்றியா? அந்தப் பிள்ளையை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள், அப்பாவைப் பார்க்கக் கூட்டி வந்த ஒரு நாள், வராந்தாவில், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, கையில் பிஸ்கட் இருந்தும் கடிக்காமல், கடித்தால் சத்தம் வருமே என்று வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டிருந்தது. அப்போது சமத்து என்று நினைத்தாள். சமத்தா அது? கடவுளே. மணி அடித்தது.

டபேதார் குரல் கொடுத்தார், எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். பரிமளா மட்டும் நின்றாள். மோகனப்பிரியா கூண்டுக்குள் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நிபுணரின் படிப்பு, பட்டங்கள், அவர் பார்த்த காகிதங்களின் பட்டியல். அவள் குரல் வழக்கம்போல் ஏற்ற இறக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கே அது வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. ஐந்தாம் பக்கம். ஆறாம் பக்கம் முடியும்போது இன்னும் முடிவு செய்திருக்கவில்லை, சத்தியமாக இல்லை, ஏழாம் பக்கத்தைத் திருப்பி முதல் மேற்கோளைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள், அடி வாங்கிய இரவுகளில் நான், என்று தொடங்கியதும் கூண்டிலிருந்த பெண்ணின் புருவம் சுருங்கியது. யாரோ தன் பெயரைத் தப்பாக உச்சரித்ததுபோல். பரிமளா நிறுத்தினாள்.

"ஐயா, இந்த வாக்கியம் சாட்சி சொன்னபடி இல்லைங்க. என் மொழிபெயர்ப்புல வந்த தப்பு. மூலத்துல வேற மாதிரி இருக்கு."

யுவராஜின் வக்கீல் எழுந்தார். சான்றளிக்கப்பட்ட ஆவணம், மூன்று மாதம் கழித்து, அதுவும் இடைவேளையில் சாட்சியோடு குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தன் கட்சிக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, அவளிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்தம்மா கேட்டார், நான் சொல்லவில்லை என்றாள் பரிமளா. பிறகு நீதிபதி மூலத்தை வாங்கி, பதினான்காம் தாளைத் தானே ஒருமுறை மனசுக்குள் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இரண்டாம் முறை சத்தமாகப் படித்தார். எப்ப விழுகும் எப்ப விழுகும்னு. அவருடைய கனத்த குரலில், கோர்ட்டுத் தமிழுக்குப் பழகிய வாயில், அந்தக் கொங்குப் பேச்சு தடுக்கித் தடுக்கி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. யுவராஜ் ஷூவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். இப்படித்தான் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டதற்கு மோகனப்பிரியா, ஆமாங்க, அதானுங்க நான் சொன்னது என்றாள், இது இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது என்ற ஆச்சரியத்தோடு.

"இதை எப்படி விட்டீங்க?"

"தவறிப் போகலீங்கய்யா. தெரிஞ்சேதான் விட்டேன்."

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே இருபத்திரண்டு வருடம் இருந்தது, அதில் எதுவும் இந்த அறைக்குள் வரக்கூடியதாக இல்லை. "பயமா இருந்துதுங்க," என்றாள். எதற்குப் பயம் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள், கட்டை விரலை ஆட்காட்டி விரலால் அழுத்திக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். திருத்திய மொழிபெயர்ப்பை வேறொருவர் செய்ய வேண்டும். இந்த அறிக்கையை இந்த நிலையில் கணக்கில் எடுக்க முடியாது. குழந்தை மறு உத்தரவு வரைக்கும் தாயிடமே இருக்கும். மொழிபெயர்ப்பாளரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படும்.

நாலரை மணிக்கு மெமோ வந்தது. அதுவரை அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலடிக்கும் நிமிர்ந்துகொண்டிருந்தாள், வருகிறது, இதோ, இல்லை, இது புவனா, இது டீக்காரர். கடைசியில் தாள் கைக்கு வந்து பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டதும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. நிம்மதி. அதை உணர்ந்த உடனே திடுக்கிட்டாள். பார், கேட்டு வாங்கினாய், இப்போது நிம்மதி, இன்றைக்குத் தூங்கிவிடுவாய், விமலா சொன்னது சரிதான். அவள் அந்த நினைப்பை ஓட விடாமல் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். உப்பு ஜாடிக்குள் போன கையும் இன்றைக்கு மூலத்தை நீட்டிய கையும் ஒரே கைதானா? அன்றைக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் ஒன்றும் மாறவில்லை. இன்றைக்கு ஒரு பிள்ளை அம்மாவிடமே இருக்கிறது. அது போதுமா வித்தியாசத்துக்கு? போதும் போலவும் இருந்தது, போதாது போலவும் இருந்தது. மூன்று நாளில் எழுதித் தர வேண்டும். என்ன எழுதுவது? எல்லாவற்றையும் எழுதினால் பைத்தியம் என்பார்கள், ஒன்றும் எழுதாவிட்டால் லஞ்சம் வாங்கியவள் என்பார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நீதிமன்ற வாசலுக்கு உள்பக்கமாகவே மோகனப்பிரியா நின்றிருந்தாள். வெளியே சாலையோரம் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் யுவராஜ் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். பரிமளா மோகனப்பிரியாவின் பக்கத்தில் போய் நின்றாள். இனி புதிதாக உடைக்க விதி ஒன்றும் மிச்சமில்லை. நீதிபதி ஜன்னலிலிருந்து பார்த்தாலும் பார்க்கட்டும், விளக்கத்தில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். எந்த பஸ் என்று கேட்டாள். அந்தப் பெண் நம்பரைச் சொன்னாள், பாப்பாவை இருட்டுவதற்குள் பெரியம்மா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். வா என்று பரிமளா நடந்தாள். இரண்டு பேரும் காரைத் தாண்டினார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான், போனைப் பைக்குள் வைத்தான். பின்னால் ஷூ சத்தம் வருகிறதா என்று பரிமளாவின் காது தன்னால் பின்னுக்குப் போயிற்று, பக்கத்தில் நடப்பவளின் காதும் அங்கேதான் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. வரவில்லை. பத்தடி. இருபதடி. கரும்புச்சாறுக் கடையைத் தாண்டியதும் அந்தப் பெண் மூச்சு விட்டாள்.

"அந்த வார்த்தை என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்களே, அக்கா."

இப்போது சொல்லாமலிருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. பரிமளா அகராதியை விட்டுவிட்டாள்.

"வலின்னா பிடிக்கும்கறவங்கன்னு அர்த்தம்மா."

மோகனப்பிரியா நடந்துகொண்டே யோசித்தாள், தொலைதூரத்தில் இருக்கிற ஏதோ ஒரு ஊரின் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோல்.

"அப்படியும் இருக்காங்களாங்க?"

"இருக்காங்களாம்."

"இருப்பாங்க," என்றாள் அந்தப் பெண். துப்பட்டாவை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள், வளைவில் பஸ் திரும்புகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நமக்கு எங்கீங்க்கா பிடிக்குது. நமக்குப் பயமுங்க."

பஸ் வந்தது. நமக்கு என்றாளே, யாரைச் சொன்னாள், அவளுக்கு எப்படித் தெரியும், பேச்சுக்குச் சொன்னதா, எல்லோரும் அப்படிச் சொல்வதுதானே, நமக்கெதுக்கு, நமக்கென்ன என்று. பரிமளா பதில் தேடி முடிப்பதற்குள் அந்தப் பெண் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்திருந்தாள், கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பிவிட்டது, பரிமளா பிளாட்பாரத்தில் நின்றபடி ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.